47 நிமிடம் பின்தங்கிய கேமரா

மூன்று மாதத்தில் இரண்டு சைக்கிளும் ஒரு பைக் பேட்டரியும் காணாமல் போன பிறகுதான் எங்கள் தெருவுக்குப் புத்தி வந்தது. கூட்டம் போட்டது, வாட்ஸ்அப் குழு தொடங்கியது, இரவு 11 முதல் 1 வரை ரோந்துக்கு முறை வைத்தது எல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. இடறியது காவல் நிலையத்தில்தான்.

ரோந்துக் குழுவைப் பதிவு செய்ய உறுப்பினர் பட்டியல் கேட்டார்கள். கொண்டு போனேன். மேசையில் இருந்தவர் தாளைத் தொடவே இல்லை. "கையெழுத்து எங்கே?" என்றார். மறுநாள் பதினெட்டு வீட்டுக் கையெழுத்தோடு போனால், "அடையாள அட்டை நகல்?" நேற்றே சொல்லியிருக்கலாமே என்றேன். "நேற்று நீங்க கேட்கலையே." இரண்டு நாள் அரை நாள் விடுப்பு போனதுதான் மிச்சம். கிளம்பும் முன் ஒரு துண்டுச் சீட்டை நீட்டி, வேறென்ன வேண்டும் என்று அவர் கையாலேயே எழுதி வாங்கினேன். மூன்றாம் நாள் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. நீங்கள் அந்தச் சீட்டை முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது வாரம் நடந்ததைச் சொல்ல இன்னும் கூச்சமாக இருக்கிறது. விளக்குக் கம்பத்தடியில் ஒரு பையன் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். எங்கள் பொறுப்பாளர் அண்ணனுக்குக் கொஞ்சம் வேகம் அதிகம். விசிலை ஊதிக்கொண்டு ஓடினார், பின்னாலேயே நானும். பையன் மிரண்டு ஓடி, முனையில் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டான். கடைசி வீட்டுப் பெரியவருக்கு மாத்திரை கொண்டு வந்தவன், கதவு எண் தேடிக்கொண்டிருந்திருக்கிறான்.

எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்த போலீஸ் அதிகாரி திட்டவில்லை. 2012-ல் அமெரிக்காவின் சான்ஃபோர்டில் நடந்ததைச் சொன்னார். அங்கே எங்களைப் போன்ற ஒரு குடியிருப்புக் காவல் குழுவின் ஒருங்கிணைப்பாளர், டிரேவான் மார்ட்டின் என்ற 17 வயதுப் பையனைச் சந்தேகப்பட்டுப் பின்தொடர்ந்தார். அதெல்லாம் தேவையில்லை என்று போலீஸ் தரப்பில் போனிலேயே சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் அவர் துப்பாக்கிக்கு அந்தப் பையன் பலியானான். பையனிடம் ஆயுதம் எதுவும் இல்லை. அண்ணன் அன்றைக்கே விசிலைக் கழற்றி வைத்துவிட்டார். பார், எழுது, போன் பண்ணு, அவ்வளவுதான் நம் வேலை. உயரத்தைக் கதவோடு ஒப்பிட்டு எழுதுங்கள். செருப்பையும் கவனியுங்கள், சட்டையை மாற்றுகிறவன் செருப்பை மாற்ற மறந்துவிடுவான்.

அப்புறம் மூன்றாவது சைக்கிள் போனது, ரோந்து முடிந்து எல்லோரும் படுத்த பிறகு. முனை வீட்டில் கேமரா இருக்கிறது, ஆனால் வீட்டுக்காரர் வெளியூரில், பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. ஏழு நாள் ஆனால் பழைய பதிவின் மேல் புதிது ஏறிவிடும். அவர் திரும்பி வந்தது ஆறாம் நாள் மாலை.

கைக்குழந்தை இருக்கிறதே என்று நாங்கள் ரோந்து முறையில் சேர்க்காமல் விட்ட எதிர்வீட்டுப் பெண் ஒரு நோட்டோடு வந்தார். குழந்தைக்குப் பால் கொடுத்த நேரம் குறிக்கும் நோட்டு. அதில் "1.52 பால். வெளியே வெள்ளை வேன், பின்விளக்கு ஒண்ணு எரியல" என்று இருந்தது. 1.45 முதல் 2 மணி வரை ஓட்டிப் பார்த்தோம். ஒரு பூனைகூட இல்லை. "தூக்கக் கலக்கத்துல தப்பா எழுதியிருக்கும்" என்றார் அண்ணன். அந்தப் பெண் முகம் வாடிவிட்டது. தற்செயலாகத் திரை மூலையில் ஓடிய நேரத்தையும் என் போனையும் பார்த்தேன். கேமரா 47 நிமிடம் பின்னால் இருந்தது!

1.05-க்குத் தள்ளினோம். வேன் நின்றது. கேமராவின் இரவு வெளிச்சம் பட்டு நம்பர் பலகை வெறும் வெள்ளைத் திட்டாகத்தான் தெரிந்தது, போதாததற்குக் கண்ணாடியில் சிலந்தி வலை வேறு. ஆனால் எரியாத பின்விளக்கு தெளிவாகத் தெரிந்தது. அதை வைத்தே இரண்டு வாரத்தில் வேனைப் பிடித்துவிட்டார்கள்.

உங்கள் தெருக் கேமராவில் மணி சரியா என்று இன்றைக்கே பாருங்கள். பாஸ்வேர்டு இரண்டு பேரிடமாவது இருக்கட்டும். எங்கள் சைக்கிள் திரும்பி வந்துவிட்டது, மணி மட்டும் இல்லை.