போர்ஷே 944 காருக்கு வாட்டர் பம்ப் மாத்துனேன், மூணு வாரம் ஆச்சு

வண்டிக்கு அடியில ஒரு அட்டை விரிச்சு வைக்கிறது என் பழக்கம், பழைய வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு இது புரியும், எது எங்க ஒழுகுதுன்னு காலைல எந்திரிச்சதும் அட்டையப் பாத்தாலே தெரிஞ்சிடும். ஒரு நாள் அதுல முன்பக்கமா, இஞ்சினோட மூக்குக்கு நேர் கீழ ஒரு ரூபா காசு அளவுக்கு ஈரம். ஆயில் இல்ல, விரல்ல தொட்டா வழவழன்னு இருக்கு, லேசா இனிப்பு வாசனை. கூலன்ட், அதாவது இஞ்சின குளிர வைக்கிற தண்ணி.

வண்டி போர்ஷே 944, 1986 மாடல். நாலு சிலிண்டர், 2.5 லிட்டர், எட்டு வால்வு. ஃப்ரெண்ட் கிட்ட சொன்னா "டேய் சொட்டு சொட்டாதானே போகுது, டேங்க்ல ஊத்திக்கிட்டே ஓட்டுடா"ன்னான். வேற வண்டியா இருந்தா நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் ஓட்டியிருப்பேன். ஆனா இந்த வண்டில அது முடியாது, ஏன்னா இதுல கூலன்ட்ட இஞ்சினுக்குள்ள ஓட வைக்கிற வாட்டர் பம்ப்ப சுத்துறதே டைமிங் பெல்ட்தான், பிஸ்டனும் வால்வும் நேரம் தப்பாம ஓட வைக்கிற பெல்ட் அது. பெல்ட்டோட பல்லு இருக்கிற பக்கம் கிராங்க்கையும் (பிஸ்டன் சுத்துற தண்டு) கேமையும் (வால்வ திறக்கிற தண்டு) பிடிச்சிருக்கும், வழவழப்பான முதுகுப் பக்கம் பம்ப் புல்லில உரசி அத சுத்த வைக்கும். பம்ப் பேரிங் ஆடிச்சுன்னா பெல்ட் ஆடும், பம்ப் இறுகிச்சுன்னா பெல்ட் கிழியும், ரெண்டு மூணு பல்லு தாண்டினாலே பிஸ்டன் மேல வந்து வால்வ இடிச்சு வளைச்சிடும். அப்புறம் வால்வு இருக்கிற மேல் பாகம், அந்த ஹெட்டயே இறக்கணும். அதனால இந்த இஞ்சின்ல பம்ப் ஒழுகுதுன்னா அது தண்ணி பிரச்சனை இல்லங்க, பெல்ட் பிரச்சனை. நான் இவ்ளோ எழுதுறதே அதச் சொல்லத்தான்.

பம்ப்தான் ஒழுகுதுன்னு உறுதி பண்றது கஷ்டம் இல்ல. பம்ப் பாடில கீழ் பக்கமா ஒரு சின்ன ஓட்டை வச்சிருப்பாங்க. உள்ள தண்ணிய தடுக்கிற சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவுல இருக்கும் அது. சீல் தேஞ்சா தண்ணி நேரா பேரிங்குக்குள்ள போயிடாம அந்த ஓட்டை வழியா வெளிய வந்து நமக்கு சொல்லிடும். அந்த ஓட்டைய அடைச்சா ஒழுகல் நின்னுடும்னு நினைக்கிறவங்க இருக்காங்க, தயவு செஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க.

பிரிக்கிற வேலைய முழுசா எழுதல, பொறுமை இருந்தா வரிசையா வந்துரும். பேட்டரி வயரக் கழட்டு, கூலன்ட்ட இறக்கு, ரேடியேட்டர் ஃபேன் ரெண்டையும் எடு, வெளிப்பக்க பெல்ட் எல்லாம் எடு, டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பும் ரோட்டாரும் (கேமோட முன்னாடி முனையிலேயே இருக்கு), அப்புறம் பெல்ட் கவர். கிராங்க் போல்ட்டு 24 மில்லிமீட்டர், திரும்ப போடறப்போ 210 நியூட்டன் மீட்டர் டைட் வைக்கிற போல்ட்டு, அதனால கழட்டவும் சும்மா வராது, ஸ்டார்ட்டர எடுத்துட்டு ஃபிளைவீல் பல்ல லாக் பண்ணாதான் நகரும். கழட்டுறதுக்கு முன்னாடியே இஞ்சின டாப் டெட் சென்டருக்கு (முதல் பிஸ்டன் உச்சில நிக்கிற நிலை) கொண்டு வந்துடணும், ஃபிளைவீல்ல 'OT'ன்னு ஒரு குறி இருக்கும், கேம் புல்லிலயும் ஒரு குறி. ரெண்டையும் ஃபோட்டோ எடுத்து வச்சிக்கிட்டேன், வெள்ளை பெயின்ட்லயும் கோடு போட்டுக்கிட்டேன். இந்த வண்டில இன்னொரு பெல்ட்டும் இருக்கு, ரெண்டு பேலன்ஸ் ஷாஃப்ட்டுக்கு (இஞ்சின் அதிர்வ குறைக்கிற தண்டு), மிட்சுபிஷி கிட்ட லைசென்ஸ் வாங்கி போர்ஷே போட்ட டிசைன் அது. அந்த ஷாஃப்ட்டுங்க கிராங்க்க விட ரெண்டு மடங்கு வேகத்துல சுத்தும், ஒண்ணு எதிர் திசைல, அதனால பெல்ட்டுக்கு ரெண்டு பக்கமும் பல்லு. முதல்ல அது வெளிய வரணும்.

பம்ப்ப பிடிச்சிருக்கிறது எல்லாம் சின்ன எம்6 போல்ட்டு. பல வருஷமா அலுமினியத்துக்குள்ள உக்காந்திருக்கிற இரும்பு. நீளமும் ஒண்ணு போல இல்ல, அதனால அட்டைல பம்ப்போட படத்த வரைஞ்சு எந்த ஓட்டைல இருந்து எது வந்துச்சோ அங்கயே குத்தி வச்சேன். ஒண்ணு மட்டும் வரவே இல்ல. ஸ்பேனர்ல ஒரு ரப்பர் மாதிரி இழுவை வரும் பாருங்க, திரும்புற மாதிரி இருக்கும் ஆனா திரும்பாது, தலை முறியப் போகுதுன்னு கை சொல்லிடும். நிறுத்திட்டேன். துரு இளக்குற ஆயில அடிச்சு ராத்திரி முழுக்க விட்டுட்டு, காலைல ஹீட் கன்ல சுத்தி சூடு பண்ணி, கால் சுத்து இறுக்கு, கால் சுத்து தளர்த்து, இப்படியே முக்கா மணி நேரம். கடைசில கிறீச்னு ஒரு சத்தத்தோட வந்துச்சு. அந்த சத்தம் கேட்டதும் அப்படியே தரையில உக்காந்துட்டேன்.

பழைய பம்ப்ப கைல எடுத்து பாத்தப்போ எல்லாம் புரிஞ்சுது. ஓட்டைக்கு கீழ பழுப்பும் வெள்ளையுமா ஒரு கோடு காஞ்சு போய் கிடக்கு, புல்லிய ரெண்டு விரல்ல பிடிச்சு ஆட்டினா டக் டக்னு ஆடுது, சுத்தினா உள்ள மண்ணு இருக்கிற மாதிரி ஒரு கரகரப்பு. இதுக்கு முன்னாடி எப்பவோ மாத்தின மெக்கானிக் யாரோ கேஸ்கெட்டுக்கு (ஒழுகாம இருக்க நடுவுல வைக்கிற தகடு) மேல சிலிக்கான பட்டை பட்டையா தடவி இருக்காரு, பிதுங்கின மிச்சம் தண்ணி போற வழிக்குள்ள புழு மாதிரி தொங்குது. அது பிச்சிக்கிட்டு போய் ரேடியேட்டர்ல அடைச்சா என்ன ஆகுறது? இத பாத்துட்டு எனக்கு உண்மையிலேயே கோவம் வந்துச்சு.

பம்ப் உக்கார்ற இஞ்சின் பிளாக் முகத்த சுத்தம் பண்றதுலதான் அரை நாள் போச்சு, என்னைக் கேட்டா இந்த மொத்த வேலைலயும் அதுதான் முக்கியம். பிளாக் அலுமினியம், ஈஸியா கீறல் விழும். பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர், பிடிவாதமான இடத்துக்கு மட்டும் பிளேட படுக்க வச்சு, அவ்ளோதான். டிரில்ல மாட்டுற உரசுற டிஸ்க்க வச்சா அஞ்சு நிமிஷத்துல பளபளன்னு ஆயிடும், ஆனா அதோட பொடி ஆயில்ல கலந்தா கிராங்க் பேரிங்க தின்னுடும். சுத்தம் பண்றப்போ திறந்திருக்கிற வழில எல்லாம் துணி அடைச்சு வச்சிருந்தேன், எத்தனை துணின்னு எண்ணியும் வச்சிருந்தேன்.

புது பம்ப்புல தெர்மோஸ்டாட்டையும் (சூட்டப் பாத்து கூலன்ட் வழிய திறக்கிற வால்வு) புதுசா போட்டேன். இந்த வண்டில அது பம்ப் வாய்க்குள்ளயே உக்காந்து ஒரு சர்க்ளிப்ல (வளையக் கிளிப்) நிக்குது, அந்த சர்க்ளிப்ப பம்ப் மேசை மேல இருக்கிறப்போவே மாட்டிடுங்க, இஞ்சின்ல ஏத்தின பிறகு அந்த இடுக்குல கை போகாது. போல்ட்டு எல்லாம் வெறும் 8 நியூட்டன் மீட்டர், குறுக்கும் நெடுக்குமா கொஞ்சம் கொஞ்சமா. பலத்த காட்டினா முறியும். ரெண்டு பெல்ட்டு, ரோலருங்க, எல்லாமே புதுசு, இவ்ளோ தூரம் பிரிச்சிட்டு பழைய ரோலர திரும்ப போட மனசு வரல.

பெல்ட்டு மாட்டினதும் சாவி பக்கம் போகல. கிராங்க்க கையாலயே கடிகார திசைல ரெண்டு முழு சுத்து சுத்தினேன், அப்போதான் கேம் ஒரு சுத்து முடியும். எங்கயும் தட்டல, குறி ரெண்டும் நேரா வந்து நின்னுச்சு. நம்பாம இன்னொரு தடவை சுத்தினேன்.

டிஸ்டில்ட் வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்கு பாதி. வண்டி மூக்க கொஞ்சம் தூக்கி வச்சு, ஹீட்டர ஃபுல்லா திறந்து, மேல இருக்கிற பிளீடர் ஸ்குரூவ தளர்த்தி ஊத்தணும், முதல்ல புஸ்ஸுபுஸ்ஸுன்னு காத்தா வரும், குமிழி இல்லாம தண்ணி மட்டும் வர்ற வரைக்கும் விடணும். ஸ்டார்ட் பண்ணி ஃபேன் தானா ஓடி தானா நிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நின்னேன்.

புது பெல்ட்டு கொஞ்சம் ஓடினதும் தளரும், அதனால இன்னொரு தடவை கவர கழட்டி டென்ஷன் பாக்கணும். அதுக்குன்னே பி9201-னு ஒரு கேஜ் இருக்கு, கடன் கேட்டு வச்சிருக்கேன், வர்ற ஞாயித்துக்கிழமை அந்த வேலை. அட்டைய புதுசா மாத்தியாச்சு. மூணு வாரமா காஞ்சே கிடக்கு.