பட்டை உரியும் வானவில் மரம்: லயத்து வாசலில் நடலாமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செடி வளர்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இந்த வானவில் மரத்தின் படம் ஓயாமல் சுற்றுகிறது. கூடவே "விதை எங்கே கிடைக்கும்?" என்ற கேள்வியும். நடலாம், நம் மண்ணுக்கும் மழைக்கும் நன்றாகவே வரும். லயத்து வாசலில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின் வாசலில் மட்டும் வேண்டாம். சொந்த ஊரில் இது 60 மீட்டரைத் தாண்டும் மரம்.

பெயர் யூகலிப்டஸ் டெக்லுப்டா. யூகலிப்டஸ் என்றாலே ஆஸ்திரேலியா என்போம். இது அங்கே இயற்கையாக வளர்வதில்லை. மிண்டனாவ், சுலாவெசி, செரம், நியூ கினி, நியூ பிரிட்டன் தீவுகளின் ஆற்றோரக் காடுகள்தான் இதன் பூர்வீகம். பிலிப்பைன்ஸில் பக்ராஸ் என்பார்கள். காகிதக் கூழுக்காகத் தோட்டம் போட்டே வளர்த்தார்கள். தைலத்துக்காக நடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள், இலையில் வாடை மிகக் குறைவு.

நிறம் எங்கிருந்து வருகிறது? பழைய பட்டை மெல்லிய நாடாக்களாக, இடத்துக்கு இடம் வெவ்வேறு நேரத்தில் உரிகிறது. அடியில் தெரிவது பச்சையம் உள்ள இளம்பட்டை, பளிச்சென்ற பச்சை. நாளாக ஆகப் பச்சையம் குறைந்து டானின் என்ற துவர்ப்புப் பொருள் சேர, அது நீலம், ஊதா, ஆரஞ்சு என்று மாறி, கருஞ்சிவப்பும் பழுப்புமாக முற்றி மறுபடி உரியும். ஒவ்வொரு நாடாவும் ஒவ்வொரு வயதில் இருப்பதால்தான் ஒரே தண்டில் இத்தனை வண்ணம். இணையப் படங்களில் பல, நிறம் கூட்டிய படங்கள். நிறம் சீக்கிரம் தெரியட்டும் என்று நகத்தால் பட்டையைக் கிள்ளாதீர்கள். பால்மரத்தில் (ரப்பர் மரத்தில்) கத்தி ஆழமாகப் பட்டால் என்ன ஆகும் என்று பால்வெட்டுகிறவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை; இங்கேயும் அதே கதிதான், தழும்பு நிற்கும்.

விதை தூள் மாதிரி இருக்கும். கடுகைவிடப் பெரிதாக ஒன்று வந்தால் அது வேறு ஏதோ விதை. சலித்த மணலும் கோக்கோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) சரிபாதி கலந்து தட்டில் நிரப்பி, முன்கூட்டியே நனைத்துவிட்டு, விதையை மேலாகத் தூவுங்கள். மண் போட்டு மூடக் கூடாது. பூவாளித் தண்ணீர் விதையை ஒரு மூலைக்கு அடித்துக்கொண்டு போய்விடும். தட்டைத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து ஊறவிடுவதே நல்லது. பெரும்பாலும் 3 வாரத்துக்குள் முளைத்துவிடும்.

அதிகம் சாவது இதற்குப் பிறகுதான். நாற்று மயிர்போல இருக்கும்போது மண்ணோடு ஒட்டும் இடத்தில் கறுத்து, காலையில் பார்த்தால் கொத்தாகச் சாய்ந்து கிடக்கும். நாற்றழுகல். நெருக்கமாகத் தூவியது, காற்றில்லாமல் பிளாஸ்டிக் மூடி போட்டே வைத்தது, சாயங்காலம் தண்ணீர் ஊற்றியது, இந்த மூன்றும்தான் வழக்கமான காரணங்கள். 3 ஜோடி இலை வந்ததும் பாலிபேக்குக்கு (பிளாஸ்டிக் நாற்றுப் பை) மாற்றலாம்: மேல்மண் 3 பங்கு, ஆற்று மணல் 1 பங்கு. வேரை வெயிலில் காயவிடாதீர்கள், மாற்றிய முதல் வாரம் நிழல்வலை வேண்டும்.

30 சென்டிமீட்டர் உயரம் வந்தால் தரையில் நடலாம். முழு வெயில் விழும் இடமாக இருக்கவேண்டும். வீட்டிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் குறைந்தது 15 மீட்டர் தள்ளி. திடலோரம், ஆற்றோரம் அமைந்தால் இன்னும் நல்லது. இதற்குத் தண்ணீர் பிடிக்கும், ஆனால் தேங்கினால் ஆகாது. பழைய பால்மரக் கட்டை புதைந்திருந்தால் முதலில் தோண்டி எடுத்துவிடுங்கள், கரையானும் வேரழுகலும் அங்கிருந்துதான் ஏறும். முதல் இரண்டு வருடம் செடியைச் சுற்றி 1 மீட்டர் வட்டத்தில் லாலாங் புல் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும், பிறகு தானே மேலே போய்விடும். குப்பை கொளுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் நடவேண்டாம். பட்டை மெல்லியது, அடியில் ஒருமுறை நெருப்பு பட்டாலே மரம் போய்விடும்.