ஏஎல்பி எங்கிருந்து ரத்தத்துக்கு வருகிறது?

கல்லீரல் பரிசோதனை ரிப்போர்ட்டில் ‘அல்கலைன் பாஸ்பட்டேஸ்’ (சுருக்கமாக ஏஎல்பி) என்று ஒரு வரி இருக்கும். பலரும் எஸ்ஜிபிடி-யைப் பார்த்துவிட்டு இதைத் தாண்டிப் போய்விடுகிறோம். எனக்கென்னவோ அதுதான் அந்தத் தாளிலேயே அழகான வரி.

எஸ்ஜிபிடி செல்லுக்குள் இருக்கும் நொதி. செல் சேதமானால் வெளியே கசியும், அவ்வளவுதான். ஏஎல்பி-யும் ஒரு நொதிதான், ஆனால் அப்படியில்லை. அது செல்லின் வெளிப்பக்கத்தில் கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. புரதத்தின் கடைசி நுனியில் ஒரு சர்க்கரைச் சங்கிலி, அதன் முனையில் இனோசிட்டால் என்ற சிறு மூலக்கூறைக் கொண்ட கொழுப்பு. அந்தக் கொழுப்பின் வால்கள் மட்டும் செல்லைச் சுற்றியுள்ள சவ்வின் வெளியடுக்கில் செருகியிருக்கும். புரதம் சவ்வுக்குள் நுழைவதே இல்லை! இதுதான் ஜிபிஐ நங்கூரம்.

1976-ல் ஜப்பானில் இகேசாவா குழுவினர், பேசில்லஸ் செரியஸ் பாக்டீரியாவிலிருந்து பிரித்த ஒரு பாஸ்போலிபேஸ் (சவ்வுக் கொழுப்பை வெட்டும் நொதி) இந்த ஏஎல்பி-யைச் சவ்விலிருந்து விடுவிப்பதைக் காட்டினார்கள். அது வெட்டும் இடத்தைப் பாருங்கள்: கொழுப்புக்கும் அதை இனோசிட்டாலோடு இணைக்கும் பாஸ்பேட்டுக்கும் நடுவில். கொழுப்பு சவ்விலேயே தங்கிவிடும். ஏஎல்பி கொஞ்சமும் கெடாமல், வேலை செய்யும் நிலையிலேயே மிதந்து வரும்.

பித்தக்குழாய் அடைத்துக்கொண்டால் கல்லீரல் ஏஎல்பி-யை அதிகமாகத் தயாரிக்கிறது. தேங்கிய பித்த உப்புகள் சோப்புபோல அதைச் சவ்விலிருந்து பெயர்த்தும் விடுகின்றன. ரிப்போர்ட்டில் எண் ஏறுவது இதனால்தான்.

வளரும் பிள்ளைகளுக்கு எலும்பிலிருந்தும், கர்ப்பிணிகளுக்கு நஞ்சுக்கொடியிலிருந்தும் ஏஎல்பி வரும். அவர்கள் ரிப்போர்ட்டில் இது கூடுதலாக இருந்தால் உடனே பதறாதீர்கள், டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.