உங்கட ஆக்கள்

“உங்கட ஆக்கள் நேற்று ராத்திரியும் வந்து வலையை அறுத்துக்கொண்டு போட்டாங்கள், பிள்ளை. பிறகு மீன் எங்கால வரும்?”

யாழ்ப்பாணப் பக்கம் பருத்தித்துறைச் சந்தையில் நான் கேட்டது ஒரு கூறு விளைமீனின் விலை, அவ்வளவுதான். அந்த அக்காவிடம் 11 வருஷமாக மீன் வாங்குகிறேன். என் மகளுக்கென்று முள் குறைந்த மீனாகப் பார்த்துத் தனியாக எடுத்து வைப்பவர். அன்றைக்கு அவர் சத்தம் போடவில்லை, முகம் சுளிக்கவில்லை. மழை பெய்யவில்லை என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். அதனாலேயே கூடுதலாகக் குத்தியது. மீனை வாங்கி, வீட்டுக்கு வந்து, செதில் எடுத்துக் கழுவி முடிக்கும் வரைக்கும் அந்த இரண்டு சொல்லும் காதை விட்டுப் போகவில்லை. உங்கட ஆக்கள்.

வலையை அறுத்தது தமிழ்நாட்டு விசைப்படகுகள். நான் வேதாரண்யத்துக்காரி. அப்பா ஆறுகாட்டுத்துறைக்கு ஐஸ் ஏற்றிப் போகும் வண்டி ஓட்டினார். எங்கள் வீட்டு ரேடியோவில் திருச்சி கரகரக்கும், இலங்கை வானொலி கணீரென்று கேட்கும். அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவின் குரலைப் பற்றி அப்பா சொல்லிச் சொல்லி மாய்ந்து போவார். கோடியக்கரையில் நின்றால் எதிரே தெரியாத தூரத்தில் காங்கேசன்துறை. இடையில் இருக்கிற கடல் 60 கிலோமீட்டர் கூட வராது. யாழ்ப்பாணத்தில் எனக்குக் கல்யாணம் பேசியபோது, திருவாரூரில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவை விடப் பெரிய தூரமில்லை என்று சொல்லித்தான் அம்மாவைச் சமாதானப்படுத்தினேன்.

தூரம் கடலில் இல்லை என்பது வந்த பிறகுதான் தெரிந்தது. அம்மாவைப் பார்க்க வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்திலிருந்து ராத்திரி பஸ்ஸில் கொழும்பு, அங்கிருந்து விமானத்தில் திருச்சி, அப்புறம் தஞ்சாவூர், திருத்துறைப்பூண்டி என்று பஸ் மாறி மாறி வேதாரண்யம். 2019 அக்டோபரில் பலாலி விமான நிலையத்தைத் திறந்து, அடுத்த மாதமே சென்னை விமானம் வந்தபோது எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம். 2020 மார்ச்சில் கொரோனா வந்து அது நின்றது. மறுபடி பறக்க 2022 டிசம்பர் ஆகிவிட்டது. இடையில் அந்த இரண்டே முக்கால் வருஷத்தில்தான் அப்பா போனார். முகத்தை ஃபோனில் பார்த்தேன். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் விட்டார்கள், சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்ட்டில் திரும்ப ஓடத் தொடங்கியது. முதல் தடவை அதில் போனபோது நான்கு மணி நேரமும் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று கடலைக் கேட்கத் தோன்றியது.

சரி, இப்போது பழகிவிட்டது. தேங்காய்ப் பால் விட்ட சொதி இல்லாமல் இடியப்பம் இறங்குவதில்லை. கதவைத் திறக்கச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘படலையைத் திறவுங்கோ’ என்று தானாக வருகிறது. வந்த புதிதில் பக்கத்து வீட்டு அன்ரி “ஆறுதலா வாங்கோ” என்றதும் யாருக்கு என்ன ஆச்சோ என்று நெஞ்சு படபடத்தது. எங்கள் ஊரில் ஆறுதல் துக்க வீட்டில் சொல்வது. இங்கே மெதுவாக வா என்று அர்த்தம். என் கணவர் என்னை ‘நீர்’ என்றுதான் கூப்பிடுவார். ‘நீர் சாப்பிட்டீரே?’ என்று அவர் முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. எங்கள் ஊரில் சாமியிடம் பாடும்போது மட்டும்தான் அந்தச் சொல் வரும். ஆனாலும் சாயங்காலம் ஆனால் முல்லைப்பூ வாசம் எங்கிருந்தோ வருகிற மாதிரி இருக்கும். வேதாரண்யத்துத் தோட்டங்களில் விடிகாலையில் பறித்து ஈரத்துணியில் கட்டுவார்களே, அந்த வாசம். இங்கே எங்கள் தெருவில் முல்லைக் கொடியே கிடையாது.

நான் வந்தது 2014 அக்டோபர். 24 வருஷம் கழித்து யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பியிருந்த அதே மாதம். ஸ்டேஷனில் இறங்கியதும் வண்டிக்காரர் கணவரிடம், “இது அவையின்ர ஆக்கள் போட்ட தண்டவாளம்” என்று என்னைக் காட்டிச் சொன்னார். இந்தியாவின் இர்கான் நிறுவனம் போட்ட பாதை. எனக்கு ஒரே பெருமை. வன்னியில் புது வீடு கட்டிக் குடியேறியவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். இந்திய வீட்டுத்திட்டத்தில் வடக்குக் கிழக்கில் மட்டும் 46,000 வீடுகள். அங்கேயும் நான் ‘உங்கட ஆக்கள்’.

வந்த ஒரு வாரத்தில் தீபாவளி. புது மருமகள் அதிரசம் சுட மாவு பிசைந்தேன். மாமி சமையலறை வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். “நீங்கள் சுட்டுச் சாப்பிடுங்கோ பிள்ளை. எனக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ராத்திரி கணவர் சொன்னார். 1987 தீபாவளி அன்று, அமைதிப்படை என்று வந்த இந்திய ராணுவம் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டபோது மாமியின் தங்கை கணவர் அங்கே வார்டில் படுத்திருந்தார். டாக்டர்கள், நர்ஸ்கள், நோயாளிகள் என்று அன்றும் மறுநாளும் செத்தவர்களில் அவரும் ஒருவர். அதே இந்தியாவுக்குத்தான் 1990இல் மாமி மூன்று பிள்ளைகளோடு படகேறினார். கோடியக்கரையில் இறங்கியபோது யாரோ ஒருத்தி தன் சேலையைக் கொடுத்து உடுத்தச் சொன்னதை இன்றைக்கும் சொல்வார். அதையும் இதையும் ஒரே குரலில்தான் சொல்வார். 2016இல் என் மகள் அந்த ஆஸ்பத்திரியில்தான் பிறந்தாள். 1987க்குப் பிறகு மாமி அந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான்.

இப்படிப்பட்ட ஊரில்தான் 2010 நவம்பரில் இந்தியத் துணைத்தூதரகம் திறந்தது. நல்லூர்ப் பக்கம் மருதடி ஒழுங்கையில் இருக்கிறது. ஒரு நாட்டின் தூதரகம் வெளியூரில் வாழும் தன் மக்களுக்கு என்ன செய்யும் என்று ஊரில் கேட்பார்கள். லண்டன், துபாய் என்றால் சொல்ல எளிது, அங்கே லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் எங்களை ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடலாம் போலிருக்கும். ஜனவரி 26 காலையில் கொடியேற்றத்துக்குப் போனால் தெரியும். திட்டங்களுக்கு வந்த பொறியாளர்கள், தூதரகத்தில் வேலை செய்பவர்களின் குடும்பங்கள், என்னை மாதிரிக் கல்யாணமாகி வந்த சில பெண்கள். குடியரசுத் தலைவரின் உரையை வாசிப்பார்கள், இனிப்புக் கொடுப்பார்கள். பள்ளிக்கூடத்தில் வாய்மூடி நின்ற தேசிய கீதத்தை இங்கேதான் வாய்விட்டுப் பாடுகிறேன். ‘திராவிட’ என்ற சொல் வரும்போது பக்கத்தில் நிற்கும் மதுரைக்காரப் பெண் என் கையைப் பிடிப்பாள். எங்களுக்குள் அது வழக்கமாகிவிட்டது.

மற்றதெல்லாம் காகித வேலை. ஆனால் அந்தக் காகிதங்களில்தான் நம் வாழ்க்கை முழுக்க இருக்கிறது. பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது இந்திய முகவரி கேட்டார்கள். அப்பா இல்லாத வீட்டின் கதவு எண்ணை எழுதினேன். மகள் பிறந்தபோது இன்னும் கஷ்டம். வெளிநாட்டில் பிறக்கும் குழந்தையை ஒரு வருஷத்துக்குள் தூதரகத்தில் பதிந்தால் இந்தியக் குடியுரிமை உண்டு. வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். 1992க்கு முன்னால் தகப்பன் இந்தியராக இருந்தால்தான் அதுவும், தாய் கணக்கிலேயே இல்லை. என் கணக்கில் அவளைப் பதியலாம் என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. எத்தனையோ ராத்திரி பேசி, கடைசியில் அவள் அப்பாவின் நாட்டுக்கே விட்டோம். அலுமாரியில் எங்கள் பாஸ்போர்ட்டுகள் இரண்டு நிறத்தில் இருக்கின்றன.

ஊர் மக்களோடு தூதரகம் பழகுவது வேறு. உதவித்தொகை கொடுத்து இந்தியாவுக்குப் படிக்க அனுப்புகிறார்கள், ஜூன் 21இல் யோகா நடத்துகிறார்கள். நூலகத்துக்குப் பக்கத்தில் 11 மாடிக் கோபுரத்தோடு பண்பாட்டு மையம் கட்டிக் கொடுத்தார்கள். அதற்கு 2025 ஜனவரியில் திருவள்ளுவர் பெயர் வைத்தபோது ‘யாழ்ப்பாணம்’ என்ற சொல் காணாமல் போய், ஊரே வருத்தப்பட்டு, அப்புறம் அதைச் சேர்த்தார்கள். வள்ளுவர் மேல் யாருக்கு என்ன கோபம்? ஒரு வார்த்தை முன்னாலேயே கேட்டிருக்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. அன்பளிப்புக் கொடுப்பவர்கள் கேட்டுவிட்டுக் கொடுத்தால் வாங்குகிறவர் மனசு நிறையும்.

ஆனால் யாழ்ப்பாணத்தில் அந்தத் தூதரகம் அதிகம் தேவைப்படுபவர்கள் இங்கே குடியிருக்கும் நாங்கள் இல்லை. அதை இந்த மாசியில்தான் முழுசாகப் புரிந்துகொண்டேன்.

சந்தையில் அந்த அக்கா சொன்ன அதே நாள். ராத்திரி பத்து மணிக்குக் கூடப் படித்தவள் ஊரிலிருந்து ஃபோன் செய்தாள். “உங்க நேவி எம் புள்ளையப் புடிச்சிட்டாங்கடி.”

உங்க நேவி. காலையில் சந்தையில் ஒன்று, ராத்திரி ஃபோனில் ஒன்று.

பையனுக்கு 19 வயது. நாகப்பட்டினத்து விசைப்படகில் கூலிக்குப் போனவன். அவளுக்குப் படகைப் பற்றியோ வழக்கைப் பற்றியோ கவலையில்லை. “அவனுக்கு இழுப்பு இருக்கு. பம்ப்பை வீட்லயே வச்சுட்டுப் போயிட்டான்” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். மறுநாள் 750ஆம் நம்பர் பஸ் பிடித்து மருதடி ஒழுங்கைக்குப் போனேன். பையன் பெயர், தகப்பன் பெயர், ஊர், இழுப்பு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். பிடிபட்டவர்களைப் போய்ப் பார்ப்பது தூதரகத்தின் வேலைதான் என்று அப்போதுதான் ஒழுங்காகத் தெரிந்துகொண்டேன். 1963 வியன்னா ஒப்பந்தம் அதற்கு உரிமை கொடுக்கிறது. சிறைக்குப் போய்ப் பேசலாம், வக்கீல் ஏற்பாடு செய்யலாம். இக்கட்டில் மாட்டுகிறவர்களுக்காக 2009 முதல் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்றும் இருக்கிறது. மூன்று நாளில் பம்ப் அவன் கைக்குப் போய்விட்டது என்று தகவல் வந்தது. அவளிடம் சொன்னேன். அந்தப் பக்கம் வெகுநேரம் அழுகை மட்டும் கேட்டது.

வழக்கு நாளில் நீதிமன்ற வாசலுக்குப் போனேன். சிறை வண்டியிலிருந்து செருப்பில்லாமல் இறங்கினார்கள். கடைசியாக இறங்கிய ஒல்லியான பையனின் சட்டைப்பையில் பம்ப் துருத்திக்கொண்டிருந்தது. “தம்பி, நான் உங்கம்மாவோட படிச்சவ” என்றேன். சட்டென்று திரும்பினான். “நம்ம ஊரா நீங்க?”

யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘நம்ம’ அதிகம் வராது. எல்லாமே ‘எங்கட’தான். அதில் எதிரே நிற்பவர் சேர்த்தியா இல்லையா என்று சொல்லை வைத்துத் தெரியாது. 11 வருஷமாக யார் ‘எங்கட’ என்றாலும் நான் அதற்குள் இருக்கிறேனா என்று முகத்தைப் பார்ப்பேன். அந்தப் பையன் யோசிக்காமல் என்னை உள்ளே சேர்த்துவிட்டான்.

அதே வாசலில் இரண்டு உள்ளூர் மீனவர்களும் நின்றார்கள். ஒருவர் கையில் அறுந்த வலைத்துண்டு. எனக்கு இதில் மறைக்க ஒன்றுமில்லை: இழுவை மடி தப்பு. அது கடலடியையே வழித்துக்கொண்டு போகிறது. இலங்கை 2017இல் அதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. எங்கள் ஆறுகாட்டுத்துறை ஃபைபர் படகுக்காரர்களும் விசைப்படகால் வலை இழந்தவர்கள்தான். முதலாளி கரையில் இருக்கிறார். பிடிபடுவது கூலிக்குப் போன பிள்ளை, வலை இழப்பது கடன் வாங்கிய இந்த மனிதர். மீனவர் சங்கத்து ஆண்கள் பலமுறை உட்கார்ந்து பேசிவிட்டார்கள். அந்தப் பண்பாட்டு மையத்தில் 600 பேர் அமரும் மண்டபம் இருக்கிறதே, இரண்டு கரைப் பெண்களையும் அங்கே ஒரு நாள் உட்கார வைக்கலாம். என் தோழியும் மீன்கார அக்காவும் பேசினால் விஷயம் வேறு மாதிரிப் போகும் என்று நம்புகிறேன். தூதரகத்தில் அதைச் சொல்லியும் வைத்திருக்கிறேன்.

பையனை ஒத்திவைத்த தண்டனையில் விட்டார்கள். கொழும்பு வழியாகச் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தான். படகு இங்கேயே. மயிலிட்டித் துறைமுகத்தில் அப்படிப் பிடித்த படகுகள் வரிசையாகக் கிடக்கின்றன. தமிழ்நாட்டுப் பதிவெண் வெளிறி, பலகை பிளந்து, உள்ளே மழைத்தண்ணீர் தேங்கி.

ஏப்ரல் 15இல் தமிழ்நாட்டில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. 61 நாள் விசைப்படகுகள் கடலுக்கு வராது. அந்த வாரம் சந்தையில் மீன் குவிந்திருந்தது. நடந்ததை அந்த அக்காவிடம் முன்பே சொல்லியிருந்தேன். அப்போது ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டார். அன்றைக்கு விளைமீனைத் தராசில் போட்டபடி, வலைக் கடனில் இன்னும் பாதி நிற்கிறது என்றார். பிறகு முகத்தை நிமிர்த்தாமலே கேட்டார்.

“அந்தப் பொடியனுக்கு இழுப்பு இப்ப எப்பிடியாம்?”