மார்கழிக் குருவிகள்: தண்டையார்பேட்டை நாட்குறிப்பு

டிசம்பர் 18 (மார்கழி 3)

காலை ஆறரை மணிக்குக் கொல்லைக் கதவைத் திறந்தபோது, துணிக்கொடியில் நான்கு சிட்டுக்குருவிகள் கழுத்தே தெரியாதபடி இறகை உப்பிக்கொண்டு எலுமிச்சம்பழங்களைப் போல உட்கார்ந்திருந்தன. கைப்பேசி 21 டிகிரி என்று காட்டியது. கனடாவின் வின்னிபெக் நகரில் இருக்கும் என் மகள் நேற்றிரவு அனுப்பிய காணொளியில், உறைநிலைக்குக் கீழே 31 டிகிரியில், நம் பட்டாணிக்குருவிக்கு உறவான கருந்தலைச் சிக்கடீ ஒன்று இதே போல உப்பிக்கொண்டு கிளையில் இருந்தது. “இது எப்படிப்பா உயிரோட இருக்கு?” என்று கேட்டிருந்தாள்.

டிசம்பர் 21

இன்று ஆண்டின் மிகக் குறுகிய பகல். நமக்குப் பகல் பதினோரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. அவளுக்கு எட்டு மணி நேரம்தான். குளிரைவிட அந்தப் பதினாறு மணி நேர இரவுதான் அந்தப் பறவைக்குப் பெரிய சோதனை என்று எனக்குப் படுகிறது, ஏனெனில் இருட்டில் அதனால் இரை தேட முடியாது. அதன் எடை ஏறத்தாழ 11 கிராம், அதாவது மூன்று ஒரு ரூபாய் நாணயங்களின் எடை. பகலில் உடல் வெப்பமோ ஏறக்குறைய 42 டிகிரி. பகல் முழுவதும் தின்று தன் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கொழுப்பைச் சேர்த்து, அதை விடிவதற்குள் எரித்துத் தீர்த்துவிடுகிறது. அந்தச் சேமிப்பும் போதாது என்பதால், மரப்பொந்தில் தனியே அடங்கி, உடல் வெப்பத்தைப் பகலில் இருப்பதைவிடப் பத்து டிகிரி வரை குறைத்துக்கொண்டு, மார்புத் தசைகளை நடுங்கவைத்தே சூடு உண்டாக்குகிறது. இலையுதிர்காலத்தில் பட்டை இடுக்குகளில் ஒவ்வொன்றாக ஒளித்துவைத்த விதைகளைப் பிறகு இடம் மறக்காமல் எடுத்துத் தின்கிறது. வெறுங்காலோடு பனியில் நிற்பதுதான் எனக்குப் பெரும் வியப்பாக இருந்தது. காலுக்கு இறங்கும் சூடான இரத்தம், பக்கத்திலேயே மேலேறும் குளிர்ந்த இரத்தத்துக்கு வெப்பத்தைக் கொடுத்துவிடுவதால், பாதத்தின் வழியாக வெளியேறும் சூடு மிகவும் குறைவு.

டிசம்பர் 27

இரவு முழுவதும் மழை. மளிகைக்கடை ஷட்டர் பெட்டியில் அடையும் குருவிகளில் ஒன்று நனைந்துபோய் எங்கள் வாசற்படியில் கிடந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்தபோது, இதயத்துடிப்பு என்று முதலில் நான் எண்ணியது, மார்பு முழுவதும் ஓடிய மெல்லிய, விடாத நடுக்கம் என்று சற்று நேரத்தில் புரிந்தது. இறகுகளுக்கிடையே அடைபட்டிருக்கும் காற்றுதான் பறவைக்குப் போர்வை; நனைந்தால் அந்தக் காற்று போய்விடுகிறது, நம் சென்னையிலேயே குளிர் உடலுக்குள் இறங்கிவிடுகிறது. பழைய வேட்டித் துணியால் ஒற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, நாற்பது நிமிடம் காத்திருந்தேன். இறகு காய்ந்து உப்பியதும் நடுக்கம் நின்றது. மூடியைத் திறந்தவுடன் முருங்கைக்குப் பறந்துவிட்டது.

டிசம்பர் 30

தெருவில் இன்று பாதிக்கு மேல் கல்மாவுக் கோலங்கள். அதில் குருவிக்குத் தின்ன ஒன்றுமில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம். எங்கள் வாசலில் பச்சரிசி மாவுதான்.

ஜனவரி 3 (மார்கழி 19)

இரையைக் காலையில் மட்டும் வைத்தால் போதாது, அந்தி சாயும் முன்பும் வைக்க வேண்டும் என்று மகளிடம் சொன்னேன்; இரவுக்கு வேண்டிய கொழுப்பை நிரப்பிக்கொள்ள அதுதான் கடைசி வாய்ப்பு. அவள் மாலை நான்கு மணிக்குச் சூரியகாந்தி விதை வைக்கும்போது இங்கே விடியற்காலை மூன்றரை மணி. நானும் இங்கே மாலை ஐந்தரைக்கு ஒரு பிடி கம்பு தூவத் தொடங்கியிருக்கிறேன். நேற்றிரவு அங்கே உறைநிலைக்குக் கீழே 34 டிகிரி. அங்கு விடியும் நேரம் நமக்கு இரவு எட்டு மணி. ஷட்டர் பெட்டிக் குருவிகள் அடங்கி வெகுநேரம் ஆன பிறகும் கைப்பேசியைப் பார்த்தபடியே இருந்தேன். எட்டு இருபதுக்குச் செய்தி வந்தது: “வந்திருச்சுப்பா. ரெண்டு.”