கரண்ட் போன பிறகு எடுத்த படம்

அப்பா இறந்தபோது மாலை போட வீட்டில் ஒரு நல்ல படம் இல்லை. அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டோம். அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "யாரோ மாதிரி இருக்காரேடா" என்றார். யாராவது பேசினால் அப்பா தலையை இடப்பக்கம் சாய்த்து, ஒற்றைப் புருவத்தைத் தூக்கிக்கொண்டு கேட்பார். அந்தச் சாய்வு எங்குமே பதிவாகவில்லை. மகன் நானோ ரங்கூனில் போட்டோகிராபர். அந்த வருத்தம் இன்றும் ஆறவில்லை.

நம் வீடுகளில் வயதானவர்களை ஸ்டூடியோவுக்கு அழைத்து வந்தால், எதற்கென்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. போன மழைக்காலத்தில் பெகு நகரத்திலிருந்து ஓர் ஆயா வந்தார்கள், பேத்தியோடு. பட்டுப்புடவை, முழங்காலில் இரண்டு கை, இழுத்துப் பிடித்த மூச்சு. முப்பது படம் எடுத்திருப்பேன், எல்லாம் சிலை. 1840-களில் ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில்கூட அசையாமல் இருக்க வேண்டியிருந்தது, தலை ஆடாமலிருக்கப் பின்னால் இரும்புக் கவ்வி வைப்பார்கள். கவ்வி போய்விட்டது, அந்த விறைப்பு மட்டும் நம் கழுத்தை விடவில்லை.

"சிரிங்க ஆயா" என்றாள் பேத்தி. உதடு மட்டும் விரிந்தது. துஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862-லேயே எழுதிவிட்டார்: வாயோரத்தை இழுக்கும் தசை நம் சொல் கேட்கும், கண்ணைச் சுற்றிய தசை உள்ளே சந்தோஷம் இருந்தால்தான் அசையும். லென்ஸ் வழியாக இதைத் தினமும் பார்க்கிறேன்.

அப்போது கரண்ட் போனது. "கொஞ்சம் இருங்க ஆயா, ஜெனரேட்டர் போடச் சொல்றேன்" என்றேன். ஆயா மூச்சை விட்டார்கள், தோள் இறங்கியது. பேத்தியின் கன்னத்தில் தனக்கா, அதுதான் இங்கே பூசுகிற மரப்பட்டைக் குழம்பு, வியர்வையில் வழிந்திருந்தது. முந்தானையால் அதைத் துடைத்துக்கொண்டே, "மூஞ்சியைப் பாரு, வரட்டி தட்டின சுவராட்டம்!" என்று திட்டினார்கள். திட்டிய வேகத்தில் அவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஜன்னல் வெளிச்சம் மட்டும்தான். அந்த நொடியில் எடுத்துவிட்டேன். 1/60 நொடி, படத்தில் ஆயாவின் கை கொஞ்சம் கலங்கியிருக்கிறது. தள்ளி நின்றே முகத்தை எடுக்க முடிகிற 85 எம்எம் லென்ஸ் என்பதால் கிட்டே போய்க் கெடுக்கவில்லை.

ஒளிந்திருந்து எடுப்பதை நான் சொல்லவில்லை. எடுத்ததை அங்கேயே அவர்களிடம் காட்டிவிடுவேன், வேண்டாம் என்றால் அழித்துவிடுவேன். ஆயா வெகுநேரம் பார்த்தார்கள். "எங்கம்மா சிரிக்கிற மாதிரியே இருக்கு தம்பி" என்றார்கள்.

ஆயாவின் மகனுக்கு அது பிடிக்கவில்லை, முந்தானை கலைந்திருக்கிறதாம். விறைத்த படம், சிரித்த படம் இரண்டையும் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். கூடத்தில் மாட்டியிருப்பது சிரித்த படம்தான் என்று பிறகு பேத்தி சொன்னாள்.

இப்போதெல்லாம் "முடிஞ்சுது" என்று சொன்ன பிறகும் கேமராவைக் கீழே வைப்பதில்லை. அம்மாவை முறத்தில் அரிசி புடைக்கும்போது எடுக்கிறேன். "போடா, வேலையத்தவனே" என்கிறார். அந்த முகத்தையும் எடுத்து வைத்திருக்கிறேன்.