பல்லாவரம்: கல்லும் சந்தையும்

சென்னைல பல்லாவரத்துல இருக்கேன்னு சொன்னா "ஓ, ஏர்போர்ட் பக்கமா"ன்னு கேட்டுட்டு விட்டுடுறாங்க, ஆனா 1863ல ராபர்ட் புரூஸ் ஃபூட்ங்கிற வெள்ளைக்கார நிலவியல் ஆய்வாளர் இங்கதான் பழைய கற்கால கைக்கோடரிய கண்டெடுத்தாரு, நம்ம நாட்டுல ஆதிமனுஷன் ஆராய்ச்சியே அதுக்கப்புறம்தான் சூடுபிடிச்சது. வசதிக்கும் குறைச்சல் இல்ல, பீச்-தாம்பரம் கரண்ட் ட்ரெயின் 1931லேர்ந்து ஓடுது, ஜிஎஸ்டி ரோட்டுக்கு வந்தா பஸ்ஸு. 2021லேர்ந்து தாம்பரம் மாநகராட்சியில வேற சேர்த்துட்டாங்க. ஆனா எனக்கு என்னவோ இங்க பிடிச்சது வெள்ளிக்கிழமை சந்தைதான். துருப்பிடிச்ச ஸ்பேனர், ரோஜாச் செடி, கோழிக்குஞ்சு, ஜோடி இல்லாத ஷூன்னு தார்ப்பாய்ல பரப்பி வச்சிருப்பாங்க, போன வாரம் பேரம் பேசி ஒரு பழைய டேபிள் ஃபேன் வாங்கிட்டு வந்தேன், காத்து வருதோ இல்லையோ சத்தம் ஜோரா வருது, வீட்டுல இன்னும் திட்டு ஓயல.